அல்ஜீரிய விடுதலைக்கு மூளை யார்? பென் பாதிஸா, மெஸாலியா, அபானேயா?

#1 தறிநாடா

வேறொரு இழையில் ஒருவர் "அல்ஜீரிய விடுதலைப் போரே உலமாக்கள் (மார்க்க அறிஞர்கள்) தொடங்கியதுதான்" என்று ஒரே வரியில் போட்டுவிட்டுப் போய்விட்டார். அங்கே மல்லுக்கட்டினால் அந்த இழை கெட்டுப்போகும். அதனால் இங்கே தனியாக.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த இயக்கத்துக்கு முஸ்லிம் முகம் வந்ததில் பாதிப் பங்கு பிரெஞ்சு அரசாங்கத்துடையது. மீதிப் பாதியைத்தான் தலைவர்களும் சிந்தனையாளர்களும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும்.

ஏன் என்றால், 1865இல் பாரிஸ் ஒரு சட்டம் போட்டது. அல்ஜீரிய முஸ்லிம் பிரான்சின் பிரஜை, ஆனால் குடிமகன் இல்லை. குடியுரிமை வேண்டுமா? நிக்காஹ், தலாக், சொத்துப் பங்கீடு எல்லாவற்றிலும் ஷரீஅத்தை விட்டுவிட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வருகிறேன் என்று தனித்தனியாக மனுப்போட வேண்டும். ஊர் கண்ணுக்கு அது மார்க்கத்தை விட்டுப் போவதுதான். பல பத்தாண்டுகளில் சில ஆயிரம் பேர்தான் போனார்கள். 1870இல் அங்கிருந்த யூதர்கள் சுமார் 35,000 பேருக்கு ஒரே ஆணையில் குடியுரிமை கிடைத்தது. முஸ்லிமுக்கு மட்டும் கதவு சாத்தியே இருந்தது.

இதில் உச்சம் 1903ஆம் ஆண்டுத் தீர்ப்பு. கிறிஸ்தவராக மாறிய ஒரு அல்ஜீரியர் விஷயத்தில் அல்ஜியர்ஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது: முஸ்லிம் என்பது வெறும் நம்பிக்கையைக் குறிப்பதில்லை, முஸ்லிம் பூர்விகம் உள்ள எல்லோரையும் குறிக்கும். ஞானஸ்நானம் வாங்கினாலும் அவர் சட்டப்படி முஸ்லிம்தான். அதாவது பிரான்ஸ் அதை மதமாக நடத்தவில்லை, பிறப்பாக நடத்தியது. அப்புறம் அந்த மக்கள் ஒன்றுசேரும்போது அதே பெயரில் சேர்ந்ததில் என்ன வியப்பு?

மார்க்க அறிஞர் பென் பாதிஸ், தொழிலாளர் தலைவர் மெஸாலி ஹாஜ், மருந்துக்கடைக்காரர் ஃபர்ஹாத் அப்பாஸ், போர்க்கால அமைப்பாளர் அபானே ரம்தான். யாருடைய அல்ஜீரியா கடைசியில் வந்தது? எழுதுங்கள்.

#2 வெட்டிப்பேச்சு

கத்தோலிக்க முஸ்லிம்! கேள்விப்பட்டதே இல்லை. சுண்டல் பொட்டலத்தோடு உட்கார்ந்துவிட்டேன், ஆரம்பியுங்கள்.

#3 நூர்மஹல்லா

தறிநாடா, சட்டத்தைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆனால் அடையாளத்தைச் சட்டம் கொடுத்துவிடும் என்றால் அடிமை எல்லோரும் கலகக்காரர்களாக இருந்திருப்பார்கள். வெளியிலிருந்து குத்தப்பட்ட முத்திரையை உள்ளே பெருமையாக மாற்றுவதற்கு ஒருவர் தேவைப்பட்டார். அவர் ஷேக் அப்துல் ஹமீத் பென் பாதிஸ்.

1889இல் கான்ஸ்டன்டைன் நகரில் பெரிய வீட்டில் பிறந்தவர். தகப்பனார் பிரெஞ்சு நிர்வாகத்தோடு ஒட்டி உறவாடியவர். பிள்ளை துனிஸ் போய் ஸைத்தூனா மார்க்கக் கல்விக்கூடத்தில் படித்துவிட்டு வந்து, அரசாங்கச் சம்பளம் வாங்காமல், பச்சைப் பள்ளிவாசலில் பாடம் நடத்த உட்கார்ந்தார். காலையில் பிள்ளைகளுக்கு, மாலையில் பெரியவர்களுக்கு. ஏறத்தாழ 25 ஆண்டுகள் குர்ஆன் விளக்கம் சொல்லி 1938இல் முடித்தார்.

1930இல் பிரான்ஸ் அல்ஜீரியாவைப் பிடித்த நூறாம் ஆண்டைத் திருவிழாவாகக் கொண்டாடியது. அடுத்த வருடமே, 1931 மே 5 அன்று, அல்ஜீரிய முஸ்லிம் உலமாக்கள் சங்கம் பிறந்தது. இஸ்லாம் நம் மார்க்கம், அரபு நம் மொழி, அல்ஜீரியா நம் தாய்நாடு என்ற மூன்று வரியை ஊர் ஊராகப் பிள்ளைகள் வாயில் போட்டவர்கள் இவர்கள்தான். பள்ளிக்கூடங்கள் ஒன்று இரண்டல்ல, பின்னாளில் நூற்றைத் தாண்டின. அதற்குப் பயந்துதான் 1938 மார்ச்சில் அனுமதியில்லாமல் பள்ளி நடத்துபவரைத் தண்டிக்கும் ஆணை வந்தது. பாடம் நடத்துவதைப் பார்த்து ஓர் அரசாங்கம் பயப்படுகிறதென்றால் அந்தப் பாடத்தில் ஏதோ இருக்கிறது.

இன்னொன்று. 1905இல் பிரான்ஸ் மதத்தையும் அரசையும் பிரித்தது இல்லையா? அந்தச் சட்டத்தை அல்ஜீரிய இஸ்லாத்துக்கு மட்டும் முழுசாகக் கொண்டுவரவில்லை. இமாம்களுக்குச் சம்பளம் அரசாங்கம், பள்ளிவாசல் சாவி அரசாங்கம். 1933இல் சுற்றறிக்கை போட்டு, அரசாங்க அங்கீகாரம் இல்லாத ஆலிம்கள் பள்ளிவாசலில் பேசக்கூடாது என்று தடுத்தார்கள். அதை எதிர்த்து, மதத்தை அரசிடமிருந்து பிரி என்று கேட்டது யார்? உலமாக்கள்!

#4 சிவப்புத்துண்டு

நூர் பாய், மரியாதையோடு ஒரு கேள்வி. இந்த 25 ஆண்டு பாடத்தில், பள்ளிக்கூடத்தில், சங்கத்தில், எங்காவது "சுதந்திரம் கொடு" என்ற கோரிக்கை இருக்கிறதா? சங்கத்தின் விதியிலேயே அரசியல் பேசக்கூடாது என்று எழுதிவைத்திருந்தார்கள்.

அதைக் கேட்டது பாரிஸில் தொழிற்சாலைகளில் வேலை பார்த்த கூலித் தொழிலாளர்கள். 1926இல் வட ஆப்பிரிக்க நட்சத்திரம் என்ற அமைப்பு தொடங்கியது பாரிஸில். அதில் இருந்தவர்களில் பெரும்பாலோர் கபீலியா மலையிலிருந்து பிழைக்கப் போனவர்கள். பின்னால் இருந்து கைகொடுத்தது பிரெஞ்சுக் கம்யூனிஸ்ட் கட்சி. 1927 பிப்ரவரியில் பிரசெல்ஸில் காலனி ஆதிக்க எதிர்ப்பு மாநாடு நடந்தது. நம்ம நேரு போனாரே, அதே மாநாடுதான். அங்கே மேடையேறி அல்ஜீரியாவுக்கு முழு விடுதலை வேண்டும் என்று கேட்டவர் மெஸாலி ஹாஜ். த்லெம்சென் ஊரில் 1898இல் பிறந்தவர், முதல் உலகப்போர்க் காலத்தில் பிரெஞ்சுப் படையில் போர்தோவில் சிப்பாயாக இருந்தவர். மனைவி எமிலி பியூஸ்கான் லொரேன் பகுதித் தொழிலாளி வீட்டுப் பெண். இன்றைய பச்சை-வெள்ளைக் கொடியை முதலில் தைத்தவர் அந்த அம்மாதான் என்று சொல்வார்கள்.

விடுதலைக் கோரிக்கை பள்ளிவாசலிலிருந்து வரவில்லை, பாரிஸ் காபிக்கடைகளிலிருந்து வந்தது. இதை ஒப்புக்கொண்டால் மேலே பேசலாம்.

#5 தறிநாடா

தோழர் சொன்னதில் ஒரு திருத்தம். கட்சி பின்னால் இருந்தது ஆரம்பத்தில்தான். பிறகு மெஸாலி அவர்களை உதறிவிட்டுத் தன் வழியில் போனார். இன்னும் சொன்னால் அந்தத் தொழிலாளர் கூட்டத்தில் இஸ்லாம் குறைவாக இல்லை. மெஸாலியின் வீடு தர்காவி என்ற சூஃபி தரீக்காவைச் சேர்ந்தது. பின்னாளில் ஃபெஸ் தொப்பி, நீண்ட தாடி, ஜெல்லாபா அங்கி என்று அவரைப் பார்த்தால் ஒரு ஷேக் மாதிரிதான் இருப்பார். உலமாக்களைவிட அவரைத்தான் ஜனங்கள் வலியுல்லா (இறைநேசர்) மாதிரி கொண்டாடினார்கள்.

எனக்கு இந்த மொத்தக் கதையிலும் பிடித்தது 1936. எல்லோரும் ஒரே வருடத்தில் மேடைக்கு வருகிறார்கள்.

பிப்ரவரியில் ஃபர்ஹாத் அப்பாஸ், செத்திஃப் நகரில் மருந்துக்கடை வைத்திருந்தவர், ஒரு கட்டுரை எழுதினார். அல்ஜீரிய தேசம் என்ற ஒன்றை வரலாற்றில் தேடினேன், உயிரோடிருப்பவர்களைக் கேட்டேன், செத்தவர்களைக் கேட்டேன், கல்லறைகளுக்கும் போய்ப் பார்த்தேன், யாரும் அப்படி ஒன்று இருப்பதாகச் சொல்லவில்லை என்பது அதன் சாரம். ஏப்ரலில் பென் பாதிஸ் தன் ஷிஹாப் பத்திரிகையில் திருப்பிக் கொடுத்தார்: நாங்களும் தேடினோம், எங்களுக்குக் கிடைத்தது, இந்த முஸ்லிம் தேசம் பிரான்ஸ் இல்லை, பிரான்சாக முடியாது, ஆக விரும்பவும் இல்லை.

சரி, இதோடு அவர் கதையை நிறுத்தினால் சிலை வைத்துவிடலாம். ஆனால் ஜூன் மாதம் அல்ஜியர்ஸில் முஸ்லிம் காங்கிரஸ் கூடியது. உலமாக்கள், அப்பாஸ் தரப்பினர், கம்யூனிஸ்டுகள் எல்லோரும் ஒரே கூடாரத்தில். கோரிக்கை என்ன? ஷரீஅத் உரிமையைத் தொடாமல், அல்ஜீரியாவை நேரடியாக பிரான்சோடு இணை, எங்களுக்கு வாக்குரிமை கொடு! அந்த மனுவோடு பாரிஸுக்குப் போன குழுவில் பென் பாதிஸும் இருந்தார். ஏப்ரலில் பிரான்சாக மாட்டோம், ஜூலையில் பிரான்சோடு சேர்த்துக்கொள்.

ஆகஸ்ட் 2 அன்று குழு திரும்பி வந்து அல்ஜியர்ஸ் நகராட்சி மைதானத்தில் கூட்டம் போட்டது. கூப்பிடாத விருந்தாளியாக மெஸாலி வந்து மைக்கைப் பிடித்தார். மனுவில் உள்ள சின்னச் சின்னக் கோரிக்கைகளுக்கு ஆதரவு, பிரான்சோடு இணைப்பதற்கு மட்டும் எதிர்ப்பு என்றார். குனிந்து தரையிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துக் காட்டி, இந்த மண் எங்களுடையது, யாருக்கும் விற்க மாட்டோம் என்றார். கூட்டம் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனது. மேடையில் இருந்த ஆலிம்களும் டாக்டர்களும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

என்னைக் கேட்டால் அந்த ஒரு பிடி மண்ணில்தான் இயக்கம் பிறந்தது.

#6 நூர்மஹல்லா

பென் பாதிஸை இப்படி ஒரு கோட்டில் மடக்க முடியாது தறிநாடா. அவர் இரண்டு தேசியத்தைப் பிரித்துப் பேசினார். மார்க்கம், மொழி, வரலாறு சேர்ந்த தேசியம் ஒன்று. வரி, வாக்கு, சட்டம் சேர்ந்த அரசியல் தேசியம் வேறொன்று. முதலாவதை விட்டுக்கொடுக்க முடியாது, இரண்டாவதில் பேரம் பேசலாம். கோழைத்தனம் இல்லை அது, காலம் பார்த்து வைத்த அடி.

பேரமும் தோற்றது. பிரெஞ்சுப் பிரதமர் ப்ளூமின் அரசு இருபதாயிரம் சொச்சம் படித்த முஸ்லிம்களுக்கு மட்டும் ஷரீஅத்தை விடாமலே குடியுரிமை தரலாம் என்று மசோதா கொண்டுவந்தது. அங்கிருந்த ஐரோப்பிய மேயர்கள் ராஜினாமா செய்வோம் என்று குதித்தார்கள். மசோதா வாக்கெடுப்புக்கே வரவில்லை. அதற்குப் பிறகு ஷேக்கின் பேச்சு மாறியதைப் பாருங்கள். 1938இல் போர் மேகம் சூழ்ந்தபோது பிரான்சுக்கு விசுவாசத் தந்தி அனுப்பலாமா என்று சங்கத்தில் கேள்வி வந்தது. அனுப்பவில்லை. அந்தச் சண்டையில் ஷேக் உக்பி மாதிரிப் பெரிய ஆளே சங்கத்தை விட்டு விலகினார்.

1940 ஏப்ரல் 16இல் பென் பாதிஸ் இறந்துபோனார், ஐம்பது வயதுதான். இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்பதை நீங்களும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது.

#7 காரைக்கால்காரன்

குறுக்கே வருகிறேன். 1865 சட்டத்தைப் படித்ததும் சிரித்துவிட்டேன். எங்களுக்கும் அதே கதைதான், கொஞ்சம் வேறு மசாலா.

1881இல் பிரெஞ்சிந்தியாவுக்கு ஓர் ஆணை வந்தது. சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வருகிறேன் என்று எழுதிக்கொடுக்கலாம். எழுதிக்கொடுத்தவர்கள் பிரெஞ்சுப் பாணியில் ஒரு குடும்பப் பெயரும் வைத்துக்கொண்டார்கள். பொன்னுத்தம்பி பிள்ளை லாபோர்த் ஆனது அப்படித்தான். கிறிஸ்தவர்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் அதிகம் போனார்கள். அந்தக் குடும்பப் பிள்ளைகள் பிரெஞ்சுப் படையில் சேர்ந்தார்கள். சின்ன வயதில் எங்கள் தெருவில் பென்ஷன் வாங்குகிற சொல்தா (பிரெஞ்சுப் படைச் சிப்பாய்) தாத்தா ஒருவர் இருந்தார். இந்தோசீனாவைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார். அல்ஜீரியாவில் இருந்ததைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. பாண்டியில் துறக்காதவனுக்கும் தனிப் பட்டியலில் வாக்கு இருந்தது. இங்கே குடியேறிய வெள்ளைக்காரன் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான், அதனால் விட்டுக்கொடுத்தார்கள். அங்கே பத்து லட்சத்தை நெருங்கும் ஐரோப்பியர் நிலத்தோடு உட்கார்ந்திருந்தார்கள்.

இன்னொன்று, இதை எத்தனை பேர் கவனித்திருப்பீர்களோ. பாண்டி, காரைக்கால் எல்லாம் இந்திய நிர்வாகத்துக்கு வந்த நாள் 1954 நவம்பர் 1. அல்ஜீரியாவில் முதல் குண்டு வெடித்ததும் அதே 1954 நவம்பர் 1. பாரிஸில் இரண்டுக்கும் ஒரே பிரதமர், மாந்தெஸ் ஃப்ரான்ஸ். எங்களைக் கையெழுத்துப் போட்டு அனுப்பிய அதே அரசு, அல்ஜீரியா பிரான்சேதான், அங்கே பேச்சே இல்லை என்றது. எங்கள் ஒப்படைப்புக்கும் சட்டப்படி முத்திரை விழுந்தது 1962 ஆகஸ்டில், அல்ஜீரியா ஜூலையில் போன பிறகு.

#8 வெட்டிப்பேச்சு

இந்த நவம்பர் 1 விஷயத்துக்காகவே இழையைச் சேமித்து வைக்கிறேன்.

#9 ஆனந்தி.ம

எல்லோரும் ஃபர்ஹாத் அப்பாஸைக் கட்டுரை எழுதிய ஏமாளி மாதிரி கடந்து போகிறீர்கள். எனக்கு அந்த மனிதர்தான் மிக முக்கியம். ஏனென்றால் ஆரம்பத்திலேயே புரட்சிக்காரராகப் பிறந்தவர்களைவிட, நம்பிய ஒன்றை ஒவ்வொரு படியாகக் கைவிட நேர்ந்தவர் ஓர் இயக்கம் ஏன் வந்தது என்பதை நன்றாகக் காட்டுவார்.

1936இல் பிரான்சே தன் நாடு என்றார். 1943 பிப்ரவரியில் அல்ஜீரிய மக்களின் அறிக்கையை எழுதி, தனி அரசியல் சட்டம் கேட்டார். 1945 மே 8, ஐரோப்பாவில் போர் முடிந்த அன்று, அவருடைய செத்திஃப் ஊரில் ஊர்வலம் போனது. பூஸித் சால் என்ற இளைஞர் கொடியைப் பிடித்திருந்தார், போலீஸ் சுட்டது. கலவரத்தில் நூறு ஐரோப்பியர் வரை இறந்தார்கள். பதிலுக்கு ராணுவமும் குடியேறிகளின் ஆயுதக் குழுக்களும் ஊர் ஊராக வேட்டையாடின. பிரான்ஸ் ஆயிரம் சொச்சம் என்றது, அல்ஜீரியா இன்றும் 45,000 என்கிறது. அப்பாஸையும் பிடித்து உள்ளே போட்டார்கள்.

வெளியே வந்தும் தேர்தல் பாதையை விடவில்லை. 1947 சட்டத்தில் 120 பேர் கொண்ட சட்டமன்றம்: ஒன்பது லட்சம் சொச்சம் ஐரோப்பியருக்கு 60 இடம், அவர்களைப் போல ஒன்பது மடங்கு இருந்த முஸ்லிம்களுக்கும் 60 இடம். அந்த 60க்கும் 1948இல் நடந்த தேர்தலில் பெட்டியை நிரப்பினார்கள். இதற்கு மேலும் ஒரு மனிதன் தேர்தலை நம்பினால் அது அவனுடைய தப்பா?

அப்புறம், 1955 ஆகஸ்டில் அவருடைய அண்ணன் மகனை, அவரும் மருந்துக்கடைக்காரர்தான், எஃப்.எல்.என். (1954இல் போரைத் தொடங்கிய தேசிய விடுதலை முன்னணி) ஆட்களே கொன்றார்கள். அதற்குப் பிறகும் 1956 ஏப்ரலில் கெய்ரோ போய் எஃப்.எல்.என்.இல் சேர்ந்தார். 1958 செப்டம்பரில் தற்காலிக அரசின் முதல் தலைவரும் அவர்தான். ஒரு சிந்தனையாளர் மனம் மாறுவதை இவ்வளவு விலை கொடுத்து யாரும் காட்டியதில்லை.

#10 சிவப்புத்துண்டு

விலை கொடுத்தார், சரி. ஆனால் அவரை அங்கே வைத்தது எதற்கு? ஐ.நா.விலும் பத்திரிகைக்காரர்கள் முன்னாலும் காட்ட ஒரு கௌரவமான முகம் வேண்டும். துப்பாக்கி வைத்திருந்தவர்கள் 1961இல் அவரைக் கழற்றிவிட்டு பென் கெத்தாவைப் போட்டார்கள். நடுத்தர வர்க்கத்துக்காரன் கடைசி வரை கொலுப்பொம்மைதான்.

#11 இழைக்காவலர்

கொலுப்பொம்மை, ஏமாளி வகையறா போதும். காஷ்மீர், ஜின்னா பற்றி எழுதிய இரண்டு பதிவுகளை வேறு இழைக்கு நகர்த்தியிருக்கிறேன். அல்ஜீரியாவிலேயே இருங்கள்.

#12 தறிநாடா

இப்போது அபானே. இவர் பெயரை யாருமே எடுக்கவில்லை, தலைப்பில் நான் போட்டதோடு சரி.

போரைத் தொடங்கிய 1954 நவம்பர் 1 அன்று எஃப்.எல்.என். விட்ட அறிக்கையில் இலக்கு இப்படி இருந்தது: இஸ்லாமியக் கோட்பாடுகளின் வரம்புக்குள், இறையாண்மை உள்ள, ஜனநாயக, சமூக நலம் பேணும் அல்ஜீரிய அரசை மீட்பது; இன, மத வேறுபாடின்றி அடிப்படை உரிமைகளை மதிப்பது. ஒரே பத்தியில் இரண்டும். எழுதியவர்கள் ஆலிம்களும் இல்லை, வக்கீல்களும் இல்லை. மெஸாலி கட்சியிலிருந்து வெளியேறிய, பெரும்பாலும் முப்பது வயது சொச்சம் இளைஞர்கள்.

அபானே ரம்தான் அப்போது சிறையில் இருந்தார். 1955 ஜனவரியில் வெளியே வந்து அல்ஜியர்ஸ் போனார். ஒரே வருடத்தில் அப்பாஸ் தரப்பு, உலமாக்கள், மெஸாலியோடு முரண்பட்ட கட்சிக்காரர்கள், கம்யூனிஸ்டுகளில் பலர் என்று எல்லோரையும் எஃப்.எல்.என்.க்குள் இழுத்துவந்தார், கட்சியாக அல்ல, தனி ஆளாகச் சேர வேண்டும் என்ற நிபந்தனையோடு. நூர் பாய், உலமாக்கள் சங்கம் வெளிப்படையாகப் புரட்சிப் பக்கம் வந்தது 1956இல். இதுதான் அந்த ஒற்றை வரிக்கு என் பதில்.

1956 ஆகஸ்ட் 20 அன்று சும்மாம் பள்ளத்தாக்கில் இஃப்ரி கிராமத்தில் உள்நாட்டுத் தளபதிகளைக் கூட்டி ஒரு திட்டம் போட்டார்கள். ராணுவத்துக்கு மேல் அரசியல், வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு மேல் உள்நாட்டில் இருப்பவர்கள். இது மதப்போர் இல்லை, வரப்போவது ஜனநாயகக் குடியரசு. மன்னராட்சியும் இல்லை, மதகுருக்கள் ஆட்சியும் இல்லை. கெய்ரோ பக்கம் இருந்த எஃப்.எல்.என். தலைவர்களில் ஒருவரான பென் பெல்லா கொதித்தார். இஸ்லாமியத் தன்மையைக் கைவிட்டுவிட்டீர்கள் என்பது அவர் எழுப்பிய புகார்களில் ஒன்று. தன்னைக் கழித்துக்கட்டுகிறார்கள் என்ற கோபம் அதற்குள் எத்தனை பங்கு என்பது உங்கள் ஊகத்துக்கு.

#13 நூர்மஹல்லா

ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த சும்மாம் கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் லர்பி பென் மிஹிதி. தொழுகை தவறாத மனிதர் என்று கூட இருந்தவர்கள் சொல்வார்கள். மதகுருக்கள் ஆட்சி வேண்டாம் என்ற திட்டத்துக்குத் தலைமை தாங்க அவருடைய ஈமான் குறுக்கே நிற்கவில்லை. மதம் ஒரு பக்கம், குடியரசு ஒரு பக்கம் என்று நீங்கள் எல்லோரும் ஆளுக்கொரு கோடு போடுகிறீர்கள், அவர்களுக்கு அந்தக் கோடு இல்லை.

1957இல் அவரைப் பிடித்தார்கள். சிறை அறையில் தற்கொலை செய்துகொண்டார் என்றது பிரான்ஸ். தன் ஆட்கள்தான் தூக்கிலிட்டார்கள் என்று ஒசாரெஸ் என்ற தளபதி நாற்பது ஆண்டு கழித்து வாய் திறந்தார். பிரெஞ்சு அதிபர் அதை ஒப்புக்கொண்டது 2024 நவம்பர் 1இல்.

#14 வெட்டிப்பேச்சு

அபானே என்ன ஆனார்?

#15 தறிநாடா

சொந்த ஆட்களே கொன்றார்கள். 1957 டிசம்பர் இறுதியில், பேச்சுவார்த்தை என்று மொராக்கோவுக்குக் கூட்டிப்போய், தெத்துவான் பக்கம் ஒரு பண்ணை வீட்டில் கழுத்தை நெரித்தார்கள். ராணுவத்துக்கு மேல் அரசியல் என்று எழுதியவரை ராணுவத் தளபதிகள் முடித்தார்கள். 1958 மே மாதம் எஃப்.எல்.என்.இன் எல் முஜாஹித் பத்திரிகை, போர்க்களத்தில் வீரமரணம் அடைந்தார் என்று முதல் பக்கத்தில் போட்டது. உடல் கிடைக்கவே இல்லை.

மெஸாலி கதையும் இதே. 1954க்குப் பிறகு எஃப்.எல்.என்.இல் சேர மறுத்துத் தனி இயக்கம் வைத்தார். 1957 மே மாதம் மெலூஸாவில் அவருடைய ஆதரவாளர்கள் என்று சொல்லி ஒரு கிராமத்தில் முந்நூறு பேர் வரை எஃப்.எல்.என். கொன்றது. பிரான்சிலேயே இரண்டு தரப்பும் காபிக்கடைகளில் சுட்டுக்கொண்டதில் ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். மைதானத்தில் மண் எடுத்துக் காட்டியவர் விடுதலைக்குப் பிறகும் பிரான்சிலேயே வாழ்ந்து 1974இல் இறந்தார்.

இன்னும் ஒன்று. புரட்சிக்கு ஒரு வாரம் முன்னால், 1954 அக்டோபர் 24 அன்று, அதைத் தொடங்கிய தலைவர்கள் ஆறு பேர் அல்ஜியர்ஸில் பாப் எல் வெத் பகுதியில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போய் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நாலு பேர் நின்று, இரண்டு பேர் உட்கார்ந்து, கோட்டு சூட்டு. கல்யாணத்துக்கு வந்த பங்காளிகள் மாதிரி இருப்பார்கள். திதூஷ் முராத் 1955 ஜனவரியில் சண்டையில் போனார். பென் பூலாயித் 1956இல், பென் மிஹிதி 1957இல். கிரிம் பெல்காசெம் 1970இல் ஃபிராங்ஃபர்ட் ஓட்டல் அறையில் கழுத்து நெரிக்கப்பட்டுக் கிடந்தார். பூதியாஃப் நாட்டின் தலைவராக இருந்தபோது 1992இல் அன்னாபாவில் மேடையிலேயே சுடப்பட்டார். ராபா பிதாத் ஒருவர்தான் 2000 வரை இருந்து இயல்பாக இறந்தார். அந்த ஆறில் இரண்டு பேரைக் கொன்றது பிரான்ஸ் இல்லை.

#16 ஆனந்தி.ம

ஃபனோன்? தமிழில் அல்ஜீரியா என்றாலே அவர் பெயரைத்தானே முதலில் சொல்வோம்.

#17 சிவப்புத்துண்டு

அதைத்தான் நானும் கேட்க நினைத்தேன். மார்த்தினிக் தீவில் பிறந்த கறுப்பின மனநல மருத்துவர். 1953இல் ப்லிதா மருத்துவமனைக்கு வந்தார். பகலில் சித்திரவதை செய்த போலீஸ்காரனும் நோயாளி, சித்திரவதைப் பட்டவனும் நோயாளி. 1956 கடைசியில் வேலையை உதறிக் கடிதம் எழுதிவிட்டு துனிஸ் போய் எல் முஜாஹிதில் எழுதினார். 1961 டிசம்பரில் ரத்தப்புற்றுநோயில் இறந்தார், 36 வயது. எல்லை தாண்டி உடலைக் கொண்டுபோய் அல்ஜீரிய மண்ணில் புதைத்தார்கள். சிந்தனையாளர் என்றால் அவர்தான்.

#18 தறிநாடா

பெரிய மனிதர், மறுக்கவில்லை. ஆனால் அல்ஜீரிய இயக்கத்தை வடிவமைத்தவர் என்று சொல்ல மாட்டேன். நோயாளிகளிடம் மொழிபெயர்ப்பாளர் வைத்துத்தான் பேசினார். போராளிகள் மலையில் அவரைப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. அவர் எழுத்து வேலை செய்தது வெளியே: ஆப்பிரிக்காவில், அமெரிக்கக் கறுப்பர்களிடம், நம்மிடம்.

எங்கள் வட்டத்தில் யாரும் பேசாத இன்னொருவர் இருக்கிறார், மாலிக் பின் நபி. 1905இல் கான்ஸ்டன்டைனில் பிறந்த மின்பொறியாளர். காலனி ஆதிக்கம் நம்மைப் பிடித்ததற்கு முன்னால் நாம் பிடிபடத் தயாரான நிலையில் இருந்தோம், அந்த உள்நோயைத் தீர்க்காமல் கொடி மாற்றிப் பயனில்லை என்று 1940களின் கடைசியிலேயே எழுதினார். உலமாக்களுக்கும் கோபம், கட்சிக்காரர்களுக்கும் கோபம். பிரெஞ்சுக்காரன் கையில் ஆயுதம் கொடுக்கிறாய் என்றார்கள். 1956இலிருந்து கெய்ரோவில் ஓரமாக இருந்து 1963இல் ஊர் திரும்பினார். நூர் பாய்க்குப் பிடித்த ஆளாக இருப்பார் என்று நினைக்கிறேன்.

#19 நூர்மஹல்லா

பிடிக்கும், ஆனால் அந்தக் கருத்தில் உடன்பாடு இல்லை. 1830இல் அவ்வளவு பெரிய படை வந்து இறங்கிய ஊரில் உள்நோய் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? அமீர் அப்துல் காதிர் 1832 முதல் 1847 வரை எதிர்த்து நின்றாரே, அது பிடிபடத் தயாரான சமூகமா?

#20 காரைக்கால்காரன்

கடைசியில் யாருடைய அல்ஜீரியா வந்தது என்ற முதல் கேள்விக்குப் பதில் வரவில்லையே.

#21 தறிநாடா

இவர்களில் யாருடையதும் இல்லை. 1962 ஜூலை 5 விடுதலை. எல்லைக்கு வெளியே துனீசியாவிலும் மொராக்கோவிலும் சண்டையில் அதிகம் தேயாமல் காத்திருந்த படை, பூமெதியன் தலைமையில், பென் பெல்லாவை முன்னால் நிறுத்தி உள்ளே வந்தது. 1965 ஜூன் 19இல் பூமெதியன் அவரையும் இறக்கிவிட்டுத் தானே உட்கார்ந்தார். அப்பாஸ் முதல் நாடாளுமன்றத் தலைவர் ஆனார். அரசியல் சட்டத்தைச் சபைக்கு வெளியே எழுதுகிறார்கள் என்று 1963இல் ராஜினாமா செய்தார், வீட்டுக்காவலில் போட்டார்கள்.

உலமாக்களுக்குக் கிடைத்தது பள்ளிக்கூடமும் பள்ளிவாசலும். அரசு மதம் இஸ்லாம், மொழி அரபு, ஏப்ரல் 16 கல்வி நாள். பென் பாதிஸின் மூன்று வரியும் வந்துவிட்டது, நூர் பாய் வென்றார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அவருடைய சங்கம் 1930களில் கேட்ட ஒன்று மட்டும் வரவில்லை: பள்ளிவாசல் அரசாங்கத்தின் கையை விட்டுப் போகவில்லை. இமாமுக்குச் சம்பளம் இப்போது அல்ஜீரிய அரசாங்கம்.

#22 வெட்டிப்பேச்சு

ஒரு சின்னத் தகவல் கண்ணில் பட்டது. த்லெம்சென் விமான நிலையத்துக்கு மெஸாலி பெயர், பெஜாயாவுக்கு அபானே பெயர், ஜிஜெலுக்கு ஃபர்ஹாத் அப்பாஸ் பெயர், கான்ஸ்டன்டைனுக்கு பூதியாஃப் பெயர். உயிரோடு இருக்கும்போது ஒருவரையும் இறங்க விடவில்லை போல.

#23 நூர்மஹல்லா

அல்ஜியர்ஸ் விமான நிலையத்துக்கு?

#24 வெட்டிப்பேச்சு

பூமெதியன்.